கிழவனுக்கு இழுப்பு நின்ற விவரம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, சரி என்று ஒப்புக்கொண்டேன். வயது முப்பத்தொன்பது. தொழில் என்ற இடத்தில் எழுத்தர் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, ‘கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பயிற்சிப் பள்ளியை மூடிவிட்டதால் தற்சமயம் வீட்டில் இருப்பவர்’ என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார். அடித்த எழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறது என்பதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் இதைச் சொல்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. காலையில் ஜீப்பில் ஏற்றிய காவலர் மட்டும், "என்னப்பா, மாமியார் வீட்டுக்குப் போகத் தயாரா?" என்று கேட்டார். கல்யாணம் ஆன நாள் முதல் அங்கேதான் இருக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார், அதனால் அதை மிரட்டல் கணக்கில் சேர்க்கவில்லை.

என் மாமனாரை நேற்று முற்பகலிலிருந்து காணவில்லை. அவரை நான் அவருடைய வீட்டு நீச்சல் குளத்திலேயே அமுக்கிக் கொன்று, உடலை எங்கோ மறைத்துவிட்டேன் என்பது சந்தேகம். சந்தேகப்படுகிறவர்கள் ஆய்வாளர், பக்கத்து வீட்டுக்காரர், என் மனைவி. முதல் இரண்டு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நேற்று அவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் கொல்லையிலிருந்து, "கிழவனை அமுக்குங்க, மூச்சு நிக்கிற வரைக்கும் விடாதீங்க" என்று ஒரு ஆண் குரல் கேட்டதாம். அதன் பிறகு "நின்னுடுச்சு" என்று நான் சொன்னதும் கேட்டதாம். அதன் பிறகு கொஞ்ச நேரம் கழித்து, நான் போனில் யாரிடமோ, கிழவன் இழுத்துக்கொண்டிருக்கிறான், நின்றதும் சுருட்டி ஷெட்டில் போட்டுவிடுகிறேன் என்று கத்தியதாகவும், அதே நேரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர் தெருச் சாக்கடையில் செக்கச்செவேலென்று ஓடியதாகவும் சொல்லியிருக்கிறார். இவரை எங்கள் தெருவில் கேமரா என்று கூப்பிடுவோம். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் பதிவாகிவிடும். ஆனால் படம் தெளிவாக இருக்குமே தவிர, ஒலி சரியாக வராது.

அவர் கேட்டதாகச் சொன்ன வார்த்தைகள் எதையும் நான் மறுக்கவில்லை. எல்லாம் சொல்லப்பட்டவைதான். அது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

என் மாமனாருக்கு வயது எழுபத்தொன்று. வேலை பார்த்த காலமெல்லாம் நீச்சல் குளங்களுக்கு டைல்ஸ் பதிக்கும் கான்டிராக்ட் எடுத்தவர். ஊரார் வீட்டுக்கெல்லாம் குளம் கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தன் கொல்லையில் ஒரு படுக்கையறை அளவுக்கு ஒன்று கட்டிக்கொண்டார். அதில் யாரும் இறங்குவதில்லை. மாமாவுக்கு இழுப்பு நோய், மழை ஈரம் பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். என் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், அவளுக்கு நேரம் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் குளம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பார் மாமா. "மாப்ள சும்மாதான இருக்கார்" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார். அன்றிலிருந்து குளம் என் பொறுப்பு. மாமா இழுப்பு நோய்க்காரர் என்பதன் கீழே எழுத்தர் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

சுத்தம் செய்கிற முறையை விளக்காமல் மற்றது புரியாது. தானாக ஓடும் மெஷின் எங்கள் வீட்டில் கிடையாது, எல்லாம் கைவேலை. நீளக் கம்பின் நுனியில் அடியில் பிரஷ் வைத்த தட்டையான தலை ஒன்றை மாட்டி, அந்தத் தலையில் ஒரு நீளக் குழாயின் ஒரு முனையைச் செருகித் தரைவரை இறக்க வேண்டும். மறுமுனை, பக்கச் சுவரில் மோட்டார் தண்ணீரை இழுக்கிற வாயில் போய்ப் பொருந்த வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் குழாய்க்குள் இருக்கிற காற்றெல்லாம் வெளியேற வேண்டும். காற்றோடு மாட்டினால் மோட்டார் வெறும் காற்றைக் குடித்துவிட்டு மக்கர் பண்ணும். ஆகவே குழாயை முழம் முழமாகத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி நிற்கும்வரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகு மாட்டினால் அடியில் படிந்த மண்ணை அது இழுக்கும். அந்த இழுக்கிற வேகத்தை எங்கள் வீட்டில் இழுப்பு என்போம். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் குழாயில் எங்கோ கீறல் விழுந்து காற்றுப் புகுந்து, அது ஈ... ஈ... என்று விசில் அடித்தது. கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவும் அன்றைக்கு அதே சுருதியில் விசில் அடித்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் அதைக் கவனித்தோம். "மாப்ள, இதுவும் என்னை மாதிரி ஒரு கிழவன்தான் போலருக்கு" என்றார். கீறலுக்கு ஒட்டுப் போட்டாயிற்று, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கிழவனை எடுங்க, கிழவனை அமுக்குங்க, கிழவன் மூச்சு நின்னுடுச்சா, கிழவனைச் சுருட்டி ஷெட்டுல வைங்க. வெயிலில் போட்டால் கிழவன் வெடித்துவிடுவான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஒரே வேடிக்கைப் பேச்சு இதுதான். மற்றபடி சாப்பிட வாங்க, போதுமா, மழை வரும்போல இருக்கு, இவ்வளவுதான் பேசுவோம். அவர் என்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார், இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட மாறியதில்லை. அது மரியாதை என்று மற்றவர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி என்று எனக்குத் தோன்றும்.

கிழவன் சமாசாரத்தை மகள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார். பெண்ணின் எதிரில் தன்னைத்தானே கேலி செய்துகொள்ள அவருக்குப் பிடிக்காது. எனவே அந்தப் பெயர் என் மனைவிக்குத் தெரியாது. இந்த வாக்குமூலத்தில் இதுவே மிக முக்கியமான வாக்கியம்.

இந்த இடத்தில் ஆய்வாளர் குறுக்கிட்டு, குழாய்க்குப் பெயர் கிழவன் என்பதற்குச் சாட்சி யார் என்று கேட்டார். மாமாதான் என்றேன். காணாமல் போனவர்தான் சாட்சியா என்றார். ஆமாம் என்றேன். கிழவனை அமுக்கச் சொன்ன அந்த இரண்டாவது ஆள் யார் என்று கேட்டார். அதுவும் மாமாதான் என்றேன். கொலையானவரே கொலைக்கு யோசனை சொன்னாரா என்றார். எழுத்தர் சிரித்ததை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று நடந்தது பின்வருமாறு. முந்தின இரவு நல்ல மழை. பக்கத்தில் புதிதாகக் கொட்டியிருந்த பூப்பாத்தியின் செம்மண் எல்லாம் கரைந்து குளத்துக்குள் இறங்கிவிட்டது. காலையில் என் மனைவி கடைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது ஏதோ சொன்னாள், நான் மோட்டார் அறைக்குள் இருந்ததால் சரியாகக் காதில் விழவில்லை, ம் என்றேன். அதன் பிறகு மாமா துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மண் அதிகமாக இருந்ததால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்று, தண்ணீர் நேராக வெளியே போகும்படி வால்வைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். செக்கச்செவேலென்று சாக்கடையில் ஓடியது அந்தச் செம்மண்தான். குளத்தில் தண்ணீர் மட்டம் இறங்கிக் கிடந்ததற்கும் அதுதான் காரணம்.

அதன் பிறகு அவர் கிழவனை அமுக்கச் சொன்னார், அமுக்கினேன், மூச்சு நின்றது, மாட்டினேன். அதன் பிறகு நான் கம்பைத் தள்ள ஆரம்பித்தேன். வேகமாகத் தள்ளினால் மண் கலங்கிவிடும். "மெதுவா மாப்ள, மெதுவா. இதுல பிரேக்கு கிளச்செல்லாம் கிடையாது" என்றார். தினமும் சொல்கிற கிண்டல்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். அதன் பிறகு மூலையில் நான் தவறவிட்ட ஓர் இடத்தைக் காட்ட எழுந்து வந்து குனிந்தவர், பலமாகத் தும்மினார். தண்ணீரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மாமாவின் மேல்வரிசையில் முன்பற்கள் மூன்று பொய்ப்பல் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். சின்னத் தகடு ஒன்றில் பதித்து மாட்டிக்கொள்கிற வகை. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்களே, அதை நேரில் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தார், வெறும் காற்றுத்தான் வந்தது. தான் பேசியது தன் காதிலேயே விழுந்ததும் முகம் செத்துப்போய்விட்டது. அதன் பிறகு துண்டை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். நான், "மாமா, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது, உங்க பொண்ணுக்குத் தெரியாது" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு கட்டை விரலால் வீட்டுப் பக்கம் காட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது மாதிரிச் சாய்ந்து காட்டி, ஒரு விரலைத் தூக்கினார்.

உள்ளே போய் ஒரு மணி நேரம் படுக்கப்போகிறேன், தொந்தரவு செய்யாதே என்று அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன். சரி மாமா என்றேன். அவருடைய அறை இருக்கிற திசையில்தான் வெளிக் கேட்டும் இருக்கிறது என்பதை அப்போது யோசிக்கவில்லை. குளத்தங்கரையில் போடுகிற ரப்பர் செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனார். அதையும் எனக்கு எதிராக எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் வெளியே போட்டுக்கொண்டு போகிற ஷூவைக் காணவில்லையே என்று நேற்று நான் சொன்னதற்கு, அதை நானே ஒளித்து வைத்திருக்கலாம் என்றார்கள்.

அதன் பிறகு நான் அந்தப் பல்லைத் தேடித்தான் குளத்தின் அடி முழுவதும் அங்குலம் அங்குலமாகக் கம்பின் பிரஷ் தலையை நகர்த்தினேன். எதையோ மறைக்கப் பார்க்கிறவன்போல மிக மெதுவாகச் செய்தேன் என்று கேமரா சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது சரி. செம்மண்ணில் எதுவும் தெரியவில்லை. குழாய்க்குள் போயிருந்தால் மோட்டார் அறையில் இருக்கிற வடிகூடையில் மாட்டியிருக்கும், எல்லாம் முடிந்ததும் திறந்து பார்க்கலாம் என்று இருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி போன் செய்தாள். "இழுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். போன வாரம் முழுவதும் இழுப்பு சரியில்லை, குழாயை மாற்ற வேண்டும் என்று சாப்பிடும்போதெல்லாம் புலம்பியிருந்தேன். பரவாயில்லையே, ஞாபகம் வைத்துக் கேட்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "காலையில மோசமா இருந்துச்சு. இப்ப நல்லாவே இழுக்குது" என்றேன். "நல்லா இழுக்குதா? என்னங்க சொல்றீங்க?" என்றாள். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "கிழவன் விடாம இழுத்துக்கிட்டே இருக்கான்! இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நின்னதும் சுருட்டி ஷெட்டுல போட்டுட்டு நான் சாப்பிட வந்துடறேன். நீ ஒண்ணும் அவசரப்படாத!" போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் கம்பைப் பிடித்தேன்.

அதன் பிறகு மண் எல்லாம் தீர்ந்து நான் மோட்டாரை நிறுத்திய நேரத்தில் என் மனைவி வந்தாள். கடை உடுப்பை மாற்றாமல், கையில் ஒரு மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தாள். "அப்பா எங்க?" என்றாள். உள்ளே படுத்திருக்கிறார் என்றேன். உள்ளே போய்விட்டு வந்து, இல்லை என்றாள். அவருடைய போன் சார்ஜில் கிடந்தது. ரப்பர் செருப்பு குளத்தங்கரையில் கிடந்தது. அவள் செருப்பைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், ஷெட்டைப் பார்த்தாள். ஷெட்டைப் போய்த் திறந்து பார்த்தாள். அங்கே சுருட்டி வைத்த கிழவன் மட்டும் இருந்தான். நான், "வந்துடுவார், எங்கயாவது நடந்துட்டு வருவார்" என்றேன். பதறாமல் சொன்னேன் என்பது எனக்கு எதிரான இன்னொரு சாட்சியம். மாமாவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் பதறாமல் சொன்னேன். வெட்கத்தில் எங்காவது பூங்காவில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எண்ணினேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாயந்திரம் வரை எனக்கு எட்டாத தூரத்திலேயே நின்றாள். நான் கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போனாள், நான் சமையலறைக்குப் போனால் வாசலுக்குப் போனாள். அவள் என்னைக் கண்டு பயந்தாள் என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதன் பிறகு கேமராவையும் கூட்டிக்கொண்டு இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தாள்.

நேற்று சாயந்திரமே, விசாரிக்க வீட்டுக்கு வந்த ஆய்வாளரிடம் நான் பல் விழுந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வாக்கு முக்கியம்தான், ஆனால் ஆள் வரவில்லையே. என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, "பொய். எங்கப்பாவுக்கு எல்லாமே சொந்தப் பல்லு. இப்பவும் ஆப்பிளை முழுசாக் கடிச்சுத் தின்பார்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே போன பல்லாக இருக்க வேண்டும், அவளுக்கு எப்படித் தெரியும். "கதை நல்லாத்தான் இருக்கு" என்ற ஆய்வாளர், வடிகூடையைக் காலையில் தானே திறந்து பார்ப்பதாகச் சொல்லி என்னைத் தொடவிடவில்லை.

இன்று காலை வீட்டுக்கு வந்து மோட்டாரின் வடிகூடையைத் திறந்தார்கள். சருகுக்கு நடுவில் தகடு இருந்தது. மூன்று பல்லில் நடுப்பல் கொஞ்சம் கோணல். மாமா சிரிக்கும்போது தெரிகிற அதே கோணல். பழைய பல் எப்படி இருந்ததோ அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறார். என் மனைவி அதைத் தன் கைக்குட்டையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா பல்லுதான்" என்று சொல்லி, அப்படியே மோட்டார் அறைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் சொன்னது உண்மை என்று இப்போதாவது நம்புவார்கள் என்று நினைத்தேன். ஆய்வாளர், "சரி, பல்லு கிடைச்சாச்சு. ஆளு எங்க?" என்று கேட்டார். அதன் பிறகு என்னை ஜீப்பில் ஏற்றினார்கள்.

இங்கே வந்த பிறகு, என் மனைவி சொன்னதையும் ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். முந்தின இரவு மழை ஈரத்தில் அவள் அப்பாவுக்கு இழுப்பு மிகவும் அதிகமாகி, அவள் திரும்பத் திரும்ப எழுந்து வெந்நீர் கொடுத்திருக்கிறாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பும்போது, ‘அப்பாவுக்கு இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, பாத்துக்குங்க’ என்று சொல்லியிருக்கிறாள். நான் ம் என்றது அதற்குத்தான். அதன் பிறகு கடையில் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதை உடனே கொண்டுவரவா, மதியம் கொண்டுவரவா என்று தெரிந்துகொள்ள எனக்குப் போன் செய்திருக்கிறாள்.

அவள் தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். நான் குழாயைப் பற்றிப் பதில் சொன்னேன்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அவள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் ஒரு வார்த்தையை வைத்து என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டாளே என்று காலையில் ஜீப்பில் வரும்போது நெஞ்சு எரிந்தது. ஆனால் என் அப்பா சாகக் கிடக்கும்போது ஒருத்தர் என்னிடம், கிழவன் இழுத்துக்கிட்டு இருக்கான், நின்னதும் சுருட்டிப் போட்டுட்டுச் சாப்பிட வரேன் என்று சொல்லியிருந்தால், நான் சாயந்திரம் வரை காத்திருந்திருக்க மாட்டேன். அவள் காத்திருந்தாள். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு ஆய்வாளர் கடைசியாக ஒரு விஷயத்துக்கு விளக்கம் கேட்டார். நேற்று இரவு என்னிடமிருந்து வாங்கி வைத்த போனுக்குத் தெரியாத எண் ஒன்றிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வருகிறதாம். காவலர்கள் எடுத்து யார் என்று அதட்டினால், யாரும் பேசுவதில்லையாம், உஸ் உஸ் என்று ஒரு சத்தம் மட்டும் வந்து கட்டாகிவிடுகிறதாம். உடலை மறைக்க உதவிய கூட்டாளி ஏதோ சங்கேதம் கொடுக்கிறான் என்பது அவருடைய எண்ணம். எனக்குக் கூட்டாளி யாரும் கிடையாது, என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்கூட இப்போது போன் செய்வதில்லை என்றேன்.

இதை எழுத்தர் எழுதிக்கொண்டிருந்தபோதே அந்தப் போன் மேசைமேல் அடித்தது. அதன் பிறகு நடந்ததையும் இதிலேயே சேர்க்கச் சொல்லி நான் கேட்டு, ஆய்வாளர் அனுமதித்திருக்கிறார்.

சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு, எப்போதும்போலப் பேசு என்று ஆய்வாளர் எனக்குச் சைகை காட்டினார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து கதவருகே வந்து நின்றாள். நான் ஹலோ என்றேன். பதில் இல்லை. குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று என்று மூச்சு மட்டும் வந்தது. நீளமாக வந்ததன் கடைசியில் மெல்லிசாக ஒரு விசில் இருந்தது. அந்தச் சுருதி எனக்குத் தெரியும்.

"மாமா, நீங்களா?" என்றேன். மூச்சு நின்று, மறுபடியும் வந்தது. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர் வாயைத் திறக்க மாட்டார் என்று புரிந்தது. ஆய்வாளர் போனுக்குக் குனிந்து, "யாருய்யா அது? உயிரோட இருக்கீங்களா? இருந்தா வாயத் திறந்து சொல்லுங்க" என்று அதட்டினார். புதுக் குரல் கேட்டதும் மூச்சுச் சத்தமும் அடங்கிவிட்டது. கட் பண்ணிவிடப்போகிறார் என்று எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அவரைப் பேசவைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"மாமா, கிழவனை வெயில்ல போட்டுட்டு வந்துட்டேன்" என்றேன்.

அடுத்த நொடி வெடித்தார். "அழிவு கெட்டவனே! வெயில்ல போட்டா கிழவன் வெழிச்சிழுவான்னு எத்தன தழவ ஷொல்றது! போய் ஷுழுட்டி நிழல்ல வையிழா!"

வெடிக்கப்போகிற அந்தக் கிழவன் யார் என்று ஆய்வாளருக்கு இப்போது நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக அவர் சொன்ன சொல் ‘டா’ என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன். பல் இல்லாததால் வேறு மாதிரி ஒலித்தது, ஆனால் ‘டா’தான். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

அதன் பிறகு வேறொருவர் போனை வாங்கிப் பேசினார். பல் வைத்தியர் வீட்டு உதவியாளர். பழைய தகட்டைச் செய்து கொடுத்த அதே வைத்தியரைத் தேடிப் பெரியவர் நேற்றே பஸ் ஏறி அடுத்த ஊருக்கு வந்துவிட்டதாகவும், தகடு இன்றுதான் தயாராகும் என்பதால் எதிரில் உள்ள விடுதியில் ஒரு ராத்திரி தங்கியதாகவும், எல்லாம் தன் மாப்பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்ததாக எழுதிக் காட்டியதாகவும் சொன்னார். தூங்குவதுபோலக் கன்னத்தில் வைத்த கையும் ஒரு விரலும் ஒரு மணி நேரம் அல்ல, ஒரு ராத்திரி என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு என் மனைவி உள்ளே வந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேசைமேல் இருந்த போனை எடுத்து, பெரியவரிடம் கொடுங்கள் என்றாள். கொடுத்தார்கள். அவள் கைக்குட்டையில் அந்தப் பழைய தகடு முடிந்து இருந்தது. பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் போனீர்கள் என்றும் கேட்கவில்லை. நேற்றிலிருந்து முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, "இழுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

மேலே உள்ளவை அனைத்தும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, திரும்பப் படிக்கக் கேட்டு, உண்மை என்று உறுதி கூறுகிறேன். கிழவன் என்று வருகிற இடங்களில் எது குழாய், எது மாமா என்று எழுத்தர் கேட்டுக்கொண்டபடி ஓரத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறேன். சாட்சி யார் என்று முன்பு கேட்கப்பட்டபோது எனக்கு யாரும் இல்லை. இப்போது ஒருவர் தானாக முன்வந்து கையெழுத்திடுகிறார்.

(ஒப்பம்) மாப்பிள்ளை

சாட்சி: (ஒப்பம்) மேற்படியாரின் மனைவி